அனுபானம்

அனுபானம் என்ற சொல்லை இன்று வீடுகளில் கேட்பது அரிதாகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் சூரணம் வாங்கும்போது, 'தேனில் குழைத்துக் கொடுங்கள்', 'வெந்நீரில் கொடுங்கள்' என்று கடைக்காரர் சொல்லும் குறிப்பில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது. மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் துணைப்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். சித்த மருத்துவர்களும் ஆயுர்வேத மருத்துவர்களும் இதை அலட்சியமாக எண்ணவில்லை. ஒரே மருந்தை, துணைப்பொருளை மட்டும் மாற்றி, வேறு வேறு நோய்களுக்குக் கொடுத்தார்கள். சுமந்துவரும் பொருளுக்கும் ஒரு குணம் உண்டு என்று ஒப்புக்கொண்ட மரபு அது. ஆங்கில மருந்தியல் நூல்களும் இதே பொருளை 'வாகனம்' என்ற சொல்லால்தான் குறிக்கின்றன.

வயிற்றுக்குள் போகும் வாகனத்தைப் பற்றி நமக்கு ஓரளவு பழக்கமுண்டு. வயிற்றுக்கு அமிலம் காவல், அதைத் தாண்டினால் கல்லீரல் காவல். வேண்டாததை வாந்தியாகவோ பேதியாகவோ வெளியே தள்ளவும் வழி இருக்கிறது. நுரையீரலின் நிலைமை வேறு. விரித்துப் போட்டால் அரை டென்னிஸ் ஆடுகளத்தை மூடக்கூடிய பரப்பு. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான சவ்வு. மூக்கிலும் மூச்சுக்குழல்களிலும் மயிரிழைகளும் சளியும் காவல் நிற்கின்றன. ஆனால் கடைசியில் உள்ள காற்றறைகளில் துப்புரவு செய்ய, உண்டு செரிக்கும் செல்கள் சிலவே உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தது எளிதில் திரும்பி வருவதில்லை. மூச்சு வழியே உட்கொள்ளும் மருந்துகளின் பாதுகாப்புச் சோதனை என்ற துறை முழுவதும் இந்தச் சவ்வைச் சுற்றியே வளர்ந்தது எனலாம்.

இந்த வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடமுண்டு என்பது பலருக்கும் தெரியாது. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இளைப்பு தணியும் என்பது இம்மண்ணில் பழகிப்போன வைத்தியம். சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் தம் இளைப்புக்கு அதைப் புகைத்துப் பார்த்தார். ஜெண்ட் என்ற படைத்தளபதி 1802-இல் அந்த வழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது ஐரோப்பா முழுவதும் பரவி, 'ஆஸ்துமா சிகரெட்' என்ற விசித்திரமான பண்டமாக மாறி, இருபதாம் நூற்றாண்டிலும் விற்றுக்கொண்டிருந்தது. மார்செல் ப்ரூஸ்த் இத்தகைய சிகரெட்டுகளையும் பொடிகளையும் கொளுத்தி மூச்சிழுத்தவர் என்பதை அவருடைய கடிதங்களை வாசித்தவர்கள் அறிவார்கள். அவருடைய அறையில் மண்டியிருந்த அந்தப் புகைக்கு நம் ஊர் வேலியோரத்து ஊமத்தை தூரத்து உறவு என்பது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது!

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழலை விரிக்கிறது, அது மெய்தான். ஆனால் அதைச் சுமந்துவந்த வாகனம் புகை. இழுக்க இழுக்க மூச்சுக்குழலைப் புண்ணாக்கும் பொருள், மூச்சுக்குழலுக்கான மருந்தைத் தூக்கிக்கொண்டு போனது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் இந்த முரண் எவரையும் பெரிதாக உறுத்தவில்லை.

* * *

எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தது ஆர்வத்தால் மட்டும் அன்று. எங்கள் மகளுக்கு நான்கு வயதிலிருந்து வீசிங். மழைக்காலம் தொடங்கினால் இரவில் நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சிழுப்பாள். மருத்துவர் இன்ஹேலரும் அதை மாட்டும் ஸ்பேசரும் எழுதித் தந்தார். வீட்டில் அதற்கு எழுந்த எதிர்ப்பு, எங்களைப் போன்ற பல வீடுகளில் எழுவதுதான். 'ஒருமுறை தொட்டால் விடாது', 'பெண்பிள்ளை, நாளைக்கு வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள்' என்ற வழக்கமான பேச்சுகளுக்குப் பதில் சொல்லிவிட முடிந்தது. பாட்டி கேட்ட ஒரு கேள்விக்குத்தான் பதிலில்லை.

"மருந்து ஒரு துளின்னு சொல்றீங்க. டப்பா என்னமோ ஜில்லுனு கனமா இருக்கு. மீதியெல்லாம் என்ன? அதுவும் சேர்ந்துதானே புள்ள நெஞ்சுக்குள்ள போகுது?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கில் அச்சிட்டிருந்தது. அதன் கீழே, உந்துவாயு 134ஏ, 'தேவையான அளவு'. எதற்குத் தேவையான, எவ்வளவு என்பது அங்கே இல்லை. மருத்துவரிடம் கேட்டபோது அவர் சிரித்து, 'அதெல்லாம் டெஸ்ட் பண்ணித்தாங்க விடுவாங்க' என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் யார், எதன் மேல், எப்படிச் சோதித்தார்கள் என்று தெரியாமல் அந்த வாக்கியத்தை அப்படியே பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருந்தது. பேத்தி பிறந்த புதிதில், எண்ணெய்க் குளியலின்போது மூக்கிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடப் பாட்டி முனைந்தார். நாங்கள் தடுத்தோம். 'உங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தோம்' என்று அவர் முகம் வாடியது. மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். காற்றறைகளின் துப்புரவுச் செல்கள் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் நுரைத்துப் பருத்து அங்கேயே தங்கும். கொழுப்பு நிமோனியா என்று இதற்குப் பெயர். 1925-இல் லாஃப்லன் என்ற நோய்க்கூற்றியலாளர் இதை முதன்முதலில் விரிவாக எழுதினார். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்படுவதைப் பற்றிய கட்டுரையொன்று 1973-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மூக்கில் எண்ணெய் விடும் நம் வழக்கம் உலக மருத்துவ இதழில் ஏறியது இப்படித்தான். நல்லெண்ணெயை நாம் தினமும் சாப்பிடுகிறோம், தலையில் தேய்க்கிறோம்; அது நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை. வயிற்றுக்கும் தோலுக்கும் நல்லது என்பது நுரையீரலுக்கு எதையும் உறுதி செய்யாது என்பதைத்தான் அன்று பாட்டியிடம் சொன்னோம். அதே அளவுகோலை இப்போது அவர் எங்கள் பக்கம் திருப்பியிருக்கிறார் என்று புரிந்தபோது, பதில் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

* * *

வாகனத்தைச் சோதிக்காமல் விட்டதால் வந்த வினைகளில் மிகப் பெரியது மூச்சு மருந்தால் வந்ததன்று. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் என்ற மாத்திரையை இனிப்பான திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனம், அதைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியது. சுவை பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள். நச்சா என்று பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று சட்டமும் இல்லை. 105 பேர் இறந்தார்கள், அவர்களில் 34 பேர் குழந்தைகள். ஆல்கஹால் இல்லாத திரவத்துக்கு 'எலிக்ஸிர்' என்று பெயர் வைத்ததைத்தான் அரசால் குற்றமாகக் காட்ட முடிந்தது! அடுத்த ஆண்டே, விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவியாக வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தக் கரைப்பானின் நச்சுத்தன்மையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் ஆராய்ந்த குழுவில் மாணவியாக இருந்தவர் ஃபிரான்ஸிஸ் கெல்ஸி; பின்னாளில் தாலிடோமைடை அமெரிக்காவுக்குள் விடாமல் தடுத்தவர் அவரே.

அதே டைஎத்திலீன் கிளைக்கால் 2025-இல், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். 88 ஆண்டு இடைவெளி. இதைப் பற்றி எழுதப்போனால் கோபத்தில் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

* * *

அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலருக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1955-இல் லாஸ் ஏஞ்சலஸில் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மெய்சனுக்கு இளைப்பு நோயுள்ள பதின்மூன்று வயது மகள். ரப்பர் குமிழை அமுக்கித் தெளிக்கும் கண்ணாடிக் கருவியோடு தினமும் மல்லுக்கட்டியவள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் போல என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக்கூடாதா என்று கேட்டாள். வாசனைத் திரவியத்துக்காகச் செய்த ஓர் அளவு வால்வு, குளிர்பதனப் பெட்டிகளில் புழங்கிய ஃப்ரியான் வாயுக்கள், கரைப்பதற்குக் கொஞ்சம் ஆல்கஹால். சுமார் ஓராண்டில், 1956-இல், மெடிஹேலர் சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு சிறுமியின் கேள்வியிலிருந்து இத்தனை வேகத்தில் ஒரு மருந்துக் கருவி பிறந்ததை வியக்காமல் இருக்க முடியாது. இத்தனை வேகம் இன்று நடக்கக்கூடியதா என்றால், நடக்காது. நடக்கக்கூடாது என்பதற்கான காரணம் அடுத்த பத்தாண்டுகளில் வந்தது.

1960களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளைப்பால் இறப்போர் தொகை திடீரென ஏறியது. பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் 1959-க்கும் 1966-க்கும் இடையே அது ஏறக்குறைய எட்டு மடங்கானது. 1966-இல் அந்த வயதில் நேர்ந்த எல்லாச் சாவுகளிலும் நூற்றுக்கு ஏழு இளைப்பால் நேர்ந்தவை. ஏறும் கோடு இன்ஹேலர் விற்பனையோடு சேர்ந்தே ஏறியது. சந்தேகம் இரண்டு பக்கம் போயிற்று. ஒன்று மருந்தாகிய ஐசோப்ரெனலின். மற்றொன்று அதைத் தள்ளிக்கொண்டு வந்த ஃப்ரியான். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்ப்ரே டப்பாக்களைப் போதைக்காகப் பையில் பீய்ச்சி முகர்ந்த இளைஞர்கள் சட்டென்று இதயம் நின்று இறந்துகொண்டிருந்தார்கள். 1970-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை அத்தகைய 110 சாவுகளைத் தொகுத்தது. ஆகவே வாகனத்தின் மீது பழி விழுந்ததில் வியப்பில்லை.

பிற்பாடு இரத்தத்தில் ஃப்ரியானை அளந்தும் நாடுகளை ஒப்பிட்டும் பார்த்தபோது பழி பெரும்பாலும் மருந்தின் பக்கமே சாய்ந்தது. ஒவ்வொரு அழுத்தத்திலும் ஐந்து மடங்கு மருந்தைத் தரும் 'ஃபோர்ட்டே' வகை எந்தெந்த நாடுகளில் விற்றதோ அங்கேயே சாவுகள் கூடின. அது அனுமதிக்கப்படாத அமெரிக்காவில் கூடவில்லை என்று 1972-இல் ஸ்டாலி காட்டினார். விவாதம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. நமக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. மருந்தையும் வாகனத்தையும் தனித்தனியே சோதித்து வைத்திருந்தால் இந்தப் பத்தாண்டுக் குழப்பம் இருந்திராது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில், எது கொன்றது என்றுகூடச் சொல்ல முடியாத நிலை.

* * *

நாங்கள் வாசித்தவற்றில் மிகவும் உலுக்கியது ஒரு சிறிய ஆய்வு. யாரும் இறக்கவில்லை, பெரிய செய்தியும் ஆகவில்லை.

ஊமத்தையின் அட்ரோபினிலிருந்து வேதியியலாளர்கள் வடித்தெடுத்த பேரப்பிள்ளைதான் இப்ராட்ரோப்பியம். சென்னையிலிருந்து போன புகைக்கு இப்படியொரு வாரிசு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நெபுலைசரில் ஊற்றி ஆவியாக இழுக்கும் நீர்க்கரைசலாக அது விற்றது. மூச்சுக்குழலை விரிக்கவேண்டிய அந்த மருந்தைக் கொடுத்ததும் சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கியது. நோய் முற்றிவிட்டது என்றோ, மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணுவதே இயல்பு. பிரிட்டனில் ஹோல்கேட்டும் அவருடைய குழுவினரும் அப்படி விட்டுவிடவில்லை. கரைசலின் உப்புச்செறிவு உடல்நீரை விடக் குறைவாக இருந்ததே ஒரு காரணம் என்று 1984-இல் காட்டினார்கள். அதைச் சரிசெய்த பிறகும் சிலரிடம் சுருக்கம் மிஞ்சியது. 1987-இல் மருந்தை எடுத்துவிட்டு, கரைசலில் கிருமி வளராமல் இருக்கச் சேர்த்திருந்த பென்சல்கோனியம் குளோரைடையும் இடிடிஏவையும் மட்டும் இளைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழல் சுருங்கியது. குப்பிக்குள் மருந்து ஒரு பக்கம் விரித்துக்கொண்டிருக்க, அதன் காவலாளிகள் மறுபக்கம் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பென்சல்கோனியம் கண்சொட்டு மருந்துகளில் பல காலமாக இருக்கும் பொருள். கண்ணில் விட்டுப் பழகியது, ஆகவே பாதுகாப்பானது என்று கருதியிருப்பார்கள். இன்று ஒருமுறை உடைத்துக் கொட்டிவிடும் சிறு பிளாஸ்டிக் குழல்களில் நெபுலைசர் மருந்து வருவதன் பின்னணியில் இந்த ஆய்வுகள் இருக்கின்றன. உடனே தீர்ந்துவிடும் குழலுக்குக் கிருமிக்காவல் தேவையில்லை. எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவோரத்தில் அடுக்கியிருக்கும் அந்தக் குழல்களை அதுவரை, காசு பறிக்கும் உத்தி என்றே நினைத்திருந்தோம்.

* * *

134ஏ என்ற எண்ணுக்கு வருவோம். பாட்டியின் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது.

ஃப்ரியான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இன்ஹேலர் நிறுவனங்களுக்கு மாற்று வாயு தேவைப்பட்டது. இளைப்பு நோயாளி ஒருவர் தினமும், பல ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும் இழுக்கப்போகும் வாயு. எனவே ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதைப் போலவே வாகனத்தையும் சோதிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஒருவரையொருவர் சந்தையில் முட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் செலவைப் பங்கிட்டு, 134ஏ வாயுவுக்கு ஒரு கூட்டமைப்பும் 227 வாயுவுக்கு இன்னொன்றும் அமைத்தன. வணிக உலகில் இப்படி நடப்பது அரிது. ஓசோன் விஷயத்தில் வேறு வழியில்லாததால் நடந்தது என்றே நினைக்கிறோம்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எலியைக் கூண்டோடு மருந்துப் பனிக்குள் விட்டால், அது தன் ரோமத்தில் படிந்ததை நக்கி விழுங்கிவிடும். வயிற்றுக்குப் போனது எவ்வளவு, நுரையீரலுக்குப் போனது எவ்வளவு என்று பிரிக்க இயலாது. ஆகையால் குறுகிய குழாய்களில் எலிகளை அடைத்து, மூக்கு நுனி மட்டும் நடுக்கலத்துக்குள் நீட்டியிருக்கும்படி வைப்பது மருந்துச் சோதனையில் பரவலான முறை. எலிகள் மூன்று வகையாகப் பிரியும். ஒரு கூட்டத்துக்கு வெறும் காற்று. ஒன்றுக்கு மருந்தும் வாகனமும். நடுவே ஒரு கூட்டத்துக்கு வாகனம் மட்டும். இந்த நடுக்கூட்டம்தான் 1937-இலும் 1960களிலும் இல்லாமல் போனது. 28 நாள், 90 நாள் என்று சோதனைக் காலங்களுக்கு உலகளாவிய நெறிமுறைகள் உண்டு. வாழ்நாள் சோதனை இரண்டாண்டுகள் ஓடும். முடிவில் நுரையீரலை எடுத்து எடைபோட்டு, மெல்லிய தகடுகளாகச் சீவி, நுரைத்துப் பருத்த செல்கள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் தேடுவார்கள். பாட்டியின் எண்ணெய்ச் சொட்டு விட்டுச்செல்லும் அதே தடயம்.

134ஏ வாயுவை எலிகள் நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு ஆண்டுகள் மூச்சிழுத்தன. மிக உயர்ந்த அளவில் அவை இழுத்த காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு அந்த வாயு. அந்த அளவில் மட்டும் ஆண் எலிகளின் விரைகளில் தீங்கற்ற கட்டிகள் கூடின. வயதான எலிகளிடம் இவ்வகைக் கட்டிகள் இயல்பாகவே வருவதுண்டு. கீழ் அளவுகளில் அது கூடவில்லை. மனிதர்களிடம் பார்த்தபோது, இழுத்த வாயுவில் ஏறக்குறைய முழுவதும் மாறாமல் மூச்சிலேயே வெளியேறிவிடுகிறது. 1996-இல் அமெரிக்கா அந்த வாயுவில் இயங்கும் முதல் சால்புட்டமால் இன்ஹேலரை அனுமதித்தது. 2008 டிசம்பர் 31-உடன் பழைய வாயு கொண்ட சால்புட்டமால் இன்ஹேலர்கள் அங்கே நின்றுபோயின.

குழாய்க்குள் மூக்கை நீட்டியபடி இரண்டு ஆண்டுகள் இருந்த எலிகளை நினைக்கையில் எங்களுக்கு உறுத்தல் இருக்கிறது. மகளின் மூச்சை மறுதட்டில் வைத்து அதைச் சமன்செய்துகொள்கிறோம் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. செல்களைக் காற்றுப்படும்படி வளர்த்துச் சோதிக்கும் முறைகள் இப்போது வளர்ந்துவருகின்றன. விலங்குச் சோதனையை அவை முழுவதும் அகற்றும் நாள் இன்னும் வரவில்லை.

வாயுவை மாற்றியதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். பழைய வாயுவில் மருந்துத் தூள் ஒட்டாமல் மிதக்க உதவிய ஓலியிக் அமிலம் போன்ற துணைப்பொருள்கள் புதிய வாயுவில் சரியாகக் கரையவில்லை. கொஞ்சம் எத்தனால் சேர்க்கவேண்டி வந்தது. எத்தனால் சேர்ந்ததும் பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மிதப்பதை விட்டுவிட்டு முழுவதும் கரைந்துபோயிற்று. கரைசலாகப் பீய்ச்சியபோது துளிகள் மிகச் சிறியவையாகி, சுமார் ஒரு மைக்ரான் அளவில், நுரையீரலின் கடைக்கோடி வரை சென்றன. பழைய இன்ஹேலரில் பத்து இருபது விழுக்காடு மருந்தே நுரையீரலைத் தொடும், மீதி தொண்டையில் படியும். இப்போது பெரும்பங்கு உள்ளே போனது. எனவே அதே பலனுக்குப் பாதியளவு மருந்தே போதும் என்றாயிற்று. கரைப்பானை மாற்றினார்கள், மருந்தின் வீரியம் இரட்டித்தது. அனுபானம் மாறினால் மருந்தின் குணம் மாறும் என்று சொன்ன வைத்தியர் எவரேனும் இதைக் கேட்டிருந்தால், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெற்றிலையை மடித்துப் போட்டிருப்பார்.

வால்வில் உள்ள ரப்பர் வளையமும் மாறவேண்டியிருந்தது. குப்பி மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும்போது, வாயுவும் எத்தனாலும் ரப்பரிலிருந்து எதையெல்லாம் மெல்ல உறிஞ்சிக் கரைக்கின்றன என்பதும் சோதனையின் ஒரு பகுதி. நைட்ரோசமைன் போன்றவை ரப்பரிலிருந்து கசியக்கூடும். ஆகவே வளையத்தைச் செய்தவர்கள் கலவையை மாற்றினாலும் அதைப் புதிதாய்ப் பரிசோதிக்கவேண்டும். எங்கள் குப்பியின் அட்டையில் இருந்த 'தேவையான அளவு' என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனை ஆண்டுகள் இருந்தன. பாட்டியிடம் இதையெல்லாம் இரண்டு மாலைகளில் சொன்னோம். எலிக் கதையை அக்கறையோடு கேட்டார். "சரி, பார்த்துத்தான் அடைச்சிருக்கான்" என்றார். எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கிளறவில்லை.

* * *

சோதித்த பொருளின் கதை இப்படி. சோதிக்காமலே நுரையீரலுக்குள் அனுப்பிய பொருள்களும் நம் காலத்திலேயே இருக்கின்றன.

தென் கொரியாவில் குளிர்காலத்தில் அறைக்காற்றை ஈரமாக்கும் கருவிகள் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த நீரில் பாசி பிடிக்காமல் இருக்கக் கிருமிநாசினித் திரவங்கள் 1994 முதல் கடைகளில் விற்றன. அவற்றில் பின்னர் சேர்ந்த குவானிடின் வகைப் பொருள்கள் தோலில் பட்டால் பெரிய கேடில்லை என்று தெரிந்தவை. மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. 2011 வசந்தத்தில் சோல் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கருவுற்ற பெண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் காரணம் தெரியாமல் நுரையீரல் இறுகி அடுத்தடுத்து வந்து சேர்ந்தபோதுதான் விசாரணை தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். குழந்தையின் தொட்டிலருகே அந்தக் கருவியை வைத்தவர்கள், குழந்தைக்கு நல்லது என்று நினைத்தே வைத்தார்கள்.

2019-இல் அமெரிக்காவில் மின்சிகரெட்டில் கஞ்சா எண்ணெயை இழுத்த இளைஞர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர்; அவர்களில் 68 பேர் இறந்தார்கள். 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவிய நீரில், 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. எண்ணெயைக் கெட்டியாக்கிக் காட்ட விற்பனையாளர்கள் கலந்த பொருள் அது. மாத்திரையாக விழுங்கலாம், முகக் களிம்பில் பூசலாம். அந்த இரண்டு தகுதிகளும் காற்றறையில் செல்லுபடியாகவில்லை.

கொரோனா ஆண்டுகளில் எங்கள் உறவினர் ஒருவர் நெபுலைசரில் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விட்டு இழுத்ததாகப் பெருமையோடு தொலைபேசியில் சொன்னார். அண்டாவில் வெந்நீர் வைத்து, போர்வை போர்த்தி வேது பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. வேதில் எழுவது ஆவி. நெபுலைசர் எண்ணெயையே ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக உடைத்து அடிவரை அனுப்பிவிடும். 'மூலிகைதானே' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது 134ஏ வாயுவுக்கும் காலம் முடிந்துவருகிறது. ஓசோனுக்குக் கேடில்லை என்றாலும், கரியமில வாயுவைப் போல 1,300 முதல் 1,500 மடங்கு வரை அது புவியைச் சூடாக்குகிறது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தான திருத்தம் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. மாற்றாக இரண்டு வாயுக்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று 152ஏ, புவிவெப்பக் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ஆனால் தீப்பற்றும், ஆகவே தொழிற்சாலையையே மாற்றிக் கட்டவேண்டும். இன்னொன்று 1234இசட்ஈ, அதைக் கொண்ட இன்ஹேலருக்கு பிரிட்டன் 2025 மே மாதம் அனுமதி தந்தது. அது மூச்சடைப்பு நோய்க்கானது, குழந்தைகளின் இளைப்புக்கானது அன்று. இந்த இரண்டு வாயுக்களுக்காகவும் எலிகள் மறுபடி குழாய்க்குள் மூக்கை நீட்டின. வாகனம் மட்டும் இழுக்கும் நடுக்கூட்டம் அங்கேயும் இருந்தது. மகளுக்கு இப்போது பதினொன்று. அவளுடைய குப்பியில் எண் மாறும்போது அட்டையைத் திருப்பிப் பார்க்க அவளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.